வளைகத்தி எப்படித் தீட்டறதுன்னு கேட்டியே

கண்ணு,

நேத்து போன்ல நீ கேட்டத கேட்டுட்டு, போன வச்ச அப்பறமும் அப்படியே ஒக்காந்துக்கினு இருந்தேன். "அம்மா, என் கத்திங்கள கொரியர்ல போட்டு வுட்டுடு. அப்படியே எப்படித் தீட்டறதுன்னும் சொல்லிடு. மலேசியாவுல போயி நானே தான பாத்துக்கணும்"ன்னு எவ்ளோ சுளுவா சொல்லிட்ட. பெங்களூர்ல பஸ் ஏறுனா காலையில கள்ளக்குறிச்சியில எறங்கிடலாம். பிளேன் ஏறுறதுக்கு முன்னால ஒரு தபா வந்துட்டுப் போயேன்டான்னு கேக்க நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள நீயே "லீவு இல்லம்மா"ன்னு முந்திக்கின. செரிப்பான்னு வச்சிட்டேன். போன்ல சொல்லியிருக்கலாம் தான். ஆனா நீ ஆங் ஆங்ன்னு கேட்டுட்டு, வச்ச ஒடனே மறந்துடுவ. அதான் கடுதாசி. எழுத்து கோணலா இருந்தா சிரிக்காத.

மனச வுட்டு சொல்லிடறேன். இத எழுத எனக்குக் கொஞ்சமும் இஷ்டமில்ல. நீ பெங்களூருக்குப் போனதுல இருந்து கத்தி மழுங்குனா தான் வூட்டுக்கு வர்ற. பொங்கலுக்கு வரல, தீவாளிக்கு வரல, உங்க மாமா பொண்ணு கல்யாணத்துக்குக் கூட வரல. கத்தி மழுங்கிடுச்சுன்னா மட்டும் துணியில சுருட்டிக்கினு வந்து நிப்ப. எனக்கு அதுவே போதும்னு இருந்துச்சு. கல்ல தண்ணியில போட்டு ஊற வச்சா எம்புள்ள வந்திருக்கான்னு இந்தத் தெருவுக்கே தெரியும். இப்ப தீட்டறதையும் உனக்குக் கத்துக் குடுத்துட்டா அப்பறம் நீ எந்தச் சாக்குல வருவ? இந்த நெனப்போட தான் எழுதறேன். ஆனா எழுதாம வுட்டா அந்நிய தேசத்துல செதுக்கு வேலைக்குப் போயி மழுங்குன கத்திய வச்சிக்கினு மரத்தோட மல்லுக்கு நிப்ப. மழுங்குன கத்தி தான் கைய வெட்டும், கூரான கத்தி வெட்டாது. அதனால எழுதித் தான் ஆவணும்.

மொதல்ல ஒண்ணு. அவசரம்னு சாணை மிஷின்கிட்ட போவாத. பொறி பறக்கும், பாக்க நல்லா இருக்கும், நிமிஷத்துல கூர் வந்துட்ட மாதிரி தெரியும். ஆனா சூட்டுல இரும்பு நீலம் பாஞ்சிடுச்சுன்னா பதம் போச்சு. அப்பறம் எவ்ளோ தீட்டுனாலும் கூரு நிக்காது. நேர் கத்தின்னா கல்ல கீழ வச்சிட்டு கத்திய இழுத்தா போதும். வளைகத்திக்கு அது ஆவாது. வளைவுல ஏதோ ஒரு எடம் தான் கல்லத் தொடும், மிச்சம் அந்தரத்துல நிக்கும். அதனால கத்திய அசையாம பிடிச்சிக்க, கல்லத் தான் நடத்தணும். வெளிப்பக்கத்துச் சரிவுல, பிடி கிட்ட ஆரம்பிச்சு நுனி வரைக்கும் ஒரே ஓட்டமா, வளைவோட வளைவா கொண்டு போ. அழுத்தாத. நீ எல்லாத்தையும் அழுத்துவ, சப்பாத்தி மாவக் கூட.

கல்லு எங்க படுது, எங்க படலன்னு வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அதுக்குத் தான் நான் கண்மை வச்சிருக்கேன். நீ சின்னப் புள்ளையா இருக்கறப்ப கத்திக்கு எதுக்கும்மா மைன்னு கேட்டு, திருஷ்டி படாம இருக்கன்னு நான் சொன்னத ரொம்ப நாளு நம்பிக்கினு இருந்த. அது அப்படியில்ல. சரிவு முழுக்க மையத் தடவிட்டு கல்ல லேசா ஒரு தபா ஓட்டிப் பாரு. மை போன எடத்துல கல்லு பட்டிருக்குது. மை நிக்கிற எடத்துல படல. மை மொத்தமும் போற மாதிரி கையிச் சாய்மானத்த மாத்திக்கினே வா. கூர் கிட்ட மட்டும் மை போயி மேல நின்னுச்சுன்னா நீ கல்ல தூக்கிப் பிடிக்கிறன்னு அர்த்தம். கடையில கண்மை வாங்கறப்பல்லாம் அந்தக் கடைக்காரம்மா "இந்த வயசுல இன்னாக்கா இவ்ளோ மை"ன்னு சிரிக்கும். உங்கப்பா ஒரு தபா கூட நின்னுக்கினு, "அவ கண்ணுல வச்சத நான் பாத்ததே இல்லம்மா, எல்லாம் கத்திக்குத் தான்"ன்னு சொன்னாரு. மலேசியாவுலயும் கண்மை கெடைக்கும். வெக்கப்படாம கேட்டு வாங்கு.

வெளிப்பக்கம் நல்லா தேஞ்சதும் உள்பக்கமா வெரல வச்சிப் பாத்தா சின்னதா ஒரு பிசிறு தட்டும். அது தட்டுனா தான் கல்லு கூரு வரைக்கும் போயிருக்குதுன்னு அர்த்தம். தட்டாம அடுத்ததுக்குப் போவாத. அப்பறம் உருண்டையான குச்சியில எமரி பேப்பர சுத்தி, உள்வளைவுல வச்சி மெதுவா இழுத்து அந்தப் பிசிற எடுத்துடு. கடைசியா தோலு. உங்கப்பாவோட பழைய பெல்ட்ட கட்டையில ஆணி அடிச்சி வச்சிருக்கேன்ல, அத மாதிரி ஒண்ணு செஞ்சிக்க. தோல்ல எப்பவும் பின்னால தான் இழுக்கணும். முன்னால தள்ளுனா தோலையே அறுத்துடும். கூர் வந்துச்சான்னு பாக்க கட்டவெரல் நகத்துல லேசா வச்சிப் பாரு. வழுக்கிக்கினு போனா இன்னும் வரல. அப்படியே பிடிச்சிக்கினா வந்துடுச்சு.

இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. நைனார்பாளையத்துல நாங்க கரும்பு வெட்டப் போற ஜனம். அருவா மழுங்கிச்சுன்னா வரப்புலயே ஒக்காந்து தீட்டிக்கணும், இல்லன்னா அன்னைக்கி கையி வீங்கிடும். கல்யாணமாகி வந்த புதுசுல உங்கப்பாவோட நகம் மாதிரி வளஞ்ச நகவுளியயும் வளைகத்தியயும் கரும்பு அருவா மாதிரியே வரட்டு வரட்டுன்னு தேச்சி வச்சிட்டேன். அன்னைக்கி அவரு செதுக்குன தாமரையில எதழெல்லாம் பிஞ்சி பிஞ்சி வந்துச்சு. கத்துவாருன்னு பயந்துக்கினு நின்னேன். அவரு அந்த எதழ கையில எடுத்துப் பாத்துட்டு, "இந்தா, இது பூவு. கரும்பு இல்ல"ன்னு மட்டும் சொன்னாரு. அப்படியும் ஒரு மனுசனா இருந்தாரு அவரு. அந்த நாளெல்லாம் நெனச்சா எனக்கே ஆசையா இருக்குது.

உனக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன். நீ போன்ல நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னு ஒரே பாட்டா படிப்ப. உன் கத்தி கைக்கு வந்தா தான் எனக்கு நெசம் தெரியும். நுனி ஒடிஞ்சிருந்தா நீ கோவத்துல இருந்திருக்க, மரத்த வெட்டாம நெம்பியிருக்க. வளைவோட அடிப்பக்கம் மட்டும் தேஞ்சிருந்தா ஒரே மாதிரி வேலைய நாளெல்லாம் செய்ய வுட்டிருக்கான் உங்க மேஸ்திரி. ஒரு தபா பிடியெல்லாம் எண்ணெ பிசுக்கா இருந்துச்சு. கழுவக் கூட தெம்பில்லாம படுத்துக் கெடந்திருக்கன்னு புரிஞ்சிக்கினேன். ஜொரம் வந்துச்சாடான்னு கேட்டா "உனக்கு யாரு சொன்னா"ன்னு முழிச்ச. இனிமே மலேசியாவுல நீயே தீட்டிக்குவ. உன் ஒடம்பு எப்படி இருக்குது, மனசு எப்படி இருக்குதுன்னு நான் எதப் பாத்துத் தெரிஞ்சிக்குவேன்?

சின்னக் கத்தி ஒண்ணு இருக்குதே, மூக்கு, கண்ணிமை செதுக்கறது. அதோட உள்வளைவுல குச்சி போவாது. அதுக்கு அந்த ஓடக் கல்லு தான். வெள்ளிமலைக்குப் போனோமே, உனக்கு நெனப்பு இருக்குதா? மலப்பாதையில வளைவுக்கு வளைவு நீ வாந்தி எடுத்து, கண்டக்டரு திட்டி, நடுவுலயே எறங்கி ஓடையில மூஞ்சி கழுவ வச்சோம். அங்க ஒரு கருப்புக் கூழாங்கல்ல எடுத்து மடியில வச்சிக்கின. போடுறான்னா போட மாட்டேன்ன. உங்கப்பா அத வாங்கித் தடவிப் பாத்துட்டு "வழவழன்னு கீது, தீட்ட ஆவும்"ன்னு சொல்லிட்டாரு. அவ்ளோதான், உனக்கு ராஜ பட்டம் கட்டுன மாதிரி. அடுத்த பஸ்ஸு வர வரைக்கும் ரெண்டு பேரும் ஓடையில எறங்கி கல்லு பொறுக்குனீங்க. நான் கரையில ஒக்காந்து சாம அரிசிச் சோத்துப் பொட்டலத்த வச்சிக்கினு கூப்ட்டுக் கூப்ட்டு ஓஞ்சி போனேன். யாரும் வரல. அந்த ஓடச் சத்தமும், நீங்க ரெண்டு பேரும் சிரிக்கிற சத்தமும் இப்பக்கூட சில நேரம் காதுல கேக்குது. அந்தக் கல்லையும் சுருட்டுல வச்சிருக்கேன். பத்தரமா வச்சிக்க.

சரி, பேசாம வச்சிருந்தத பேசிடலாம். நீ கெளம்பிப் போன அன்னைக்கி நடந்தத. திருநாவலூர் பக்கத்துல இருந்து ஒரு ஊர்க்காரங்க மாரியம்மன் கோயிலுக்குக் கதவு கேட்டிருந்தாங்க. கதவு நடுவுல அம்மன் மொகம். அந்த மொகத்த உங்கப்பா உங்கிட்ட குடுத்தாரு. அந்தச் சின்னக் கத்தியால கன்னத்துல கடைசி எழப்பு எழச்சி நீ எண்ணெ தடவுனதும் வெயில்ல ஒரு கோடு தெரிஞ்சிச்சு. முடியளவு கோடு, கண்ணுக்குக் கீழ இருந்து வாய் வரைக்கும். ஏத்திக்கினு போவ வந்தவங்க எதிர்லயே, "தொழில் தெரியாதவன் கையில ஆத்தா மொகத்தக் குடுத்தேனே"ன்னு உங்கப்பா ஆரம்பிச்சாரு. வந்தவங்கள்ல ஒரு அம்மா, "அம்ம முத்து போடற ஆத்தா மொகம் தானே சாமி, ஒரு தழும்பு இருந்தா இன்னா, வுடுங்க"ன்னு கூட சொல்லிச்சு. அவங்க சந்தோசமா தான் ஏத்திக்கினு போனாங்க. இவரு தான் வுடல. "வேல விஷயம் இருந்தா வா. இல்லன்னா இந்த வாசல்ல வந்து நிக்காத"ன்னு உன்னப் பாத்து சொன்னாரு. நீயும் அவருக்குப் பொறந்தவன் தானே. அந்த வார்த்தைய அப்படியே பிடிச்சிக்கின. அன்னையில இருந்து வேலையில்லாம ஒரு தபா கூட நீ வரல.

அன்னைக்கி நீ வுட்டுட்டுப் போன சின்னக் கத்திய எடுத்து நகத்துல வச்சிப் பாத்தேன். ஒரு எடத்துல தட்டுச்சு. கூர்ல ஊசிமொன அளவுக்கு துரு தின்னு பள்ளம் வுழுந்திருந்துச்சு. அந்தப் பள்ளம் தான் கன்னத்துல கோடு போட்டிருக்குது. அது உன் கையி இல்ல. ஆயுத பூசைக்கு உங்கப்பா கத்திங்களுக்கெல்லாம் கூரு இருக்கற வாய் மேலயே கொழகொழன்னு சந்தனத்த அப்பி, குங்குமம் வச்சி, மறுநாளும் எடுக்கக் கூடாதுன்னு அப்படியே வுடுவாரு. பக்தி ஜாஸ்தி. ஈரச் சந்தனம் இரும்புல ஒக்காந்தா இன்னா ஆவும்? கதவு அவசரம்னு நீயும் அத எங்கிட்ட தீட்டக் குடுக்காம தொடச்சிட்டு எடுத்துக்கின. கத்திய கொண்டு போயி, "பாருங்க, நீங்க சந்தனம் வச்ச எடம்"ன்னு அவருக்குக் காட்டுனேன். வாங்கி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாரு. எங்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டு, "மழ வரும் போலக்குது"ன்னு சொல்லிக்கினு வெளிய போயிட்டாரு. வானத்துல ஒரு மேகம் இல்ல.

அதுக்கப்பறம் நீ வர்றப்பல்லாம் நடக்கறத தான் பாக்கறேனே. நீ பட்டறையில ஒரு ஓரம், அவரு ஒரு ஓரம். "இன்னா மரம்?"ன்னு கேப்பாரு. "வாக மரம்ப்பா"ன்னுவ. "கெட்டியா?" "கொஞ்சம்." முடிஞ்சிச்சு. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் கல்லத் தேச்சிக்கினு இருப்பேன். அவரு இல்லாதப்ப நீ "அப்பா இளச்சிட்டாரு"ன்னுவ. நீ போன பின்னால அவரு "பையன் கருத்துட்டான்"ன்னுவாரு. எங்கிட்ட சொல்றத ஒருத்தருக்கு ஒருத்தரு சொல்லிக்கினா நான் ரெண்டு கத்தி சேத்துத் தீட்டியிருப்பேன்.

இப்ப சொல்லப் போறதுக்கு நீ வெக்கப்படக் கூடாது. போன தபா நீ கொண்டாந்து குடுத்துட்டுப் போன கத்திங்க மரத்துல மழுங்கல. மரத்துல மழுங்குனா வாய் உருண்டு பளபளன்னு இருக்கும். இதுங்க வாய் மொத்தமும் குறுக்கால சொரசொரன்னு கோடு கோடா இருந்துச்சு. பிடி கிட்ட சிமெண்டுத் தூளு ஒட்டிக்கினு இருந்துச்சு. எடுக்கவே எடுக்காத பெரிய கத்தி கூட அதே மாதிரி. எம்புள்ள வூட்டுக்கு வர ஆசப்பட்டு, வர்றதுக்கு வேல ஒண்ணும் இல்லாம, நல்லா இருந்த கத்திங்கள எங்கியோ தரையில தேச்சி மழுக்கிக்கினு வந்திருக்கான். கண்ணு, அத பாத்ததும் நான் கொல்லப்பக்கம் போயி அழுதுட்டு வந்தேன். மீன் வாங்கியாந்து கொழம்பு வச்சேன். நீ பஸ் ஏறுற வரைக்கும் இன்னும் முடியல இன்னும் முடியலன்னு வேணும்னே மெதுவா தீட்டுனேன். கடைசியில பாதி முடியாமலே வச்சிட்டுப் போயி, அடுத்த தபா எடுத்துக்கறேன்ன. அந்த அடுத்த தபா தான் இப்ப கொரியர் ஆயிடுச்சு.

இன்னொண்ணும் சொல்லணும். இந்த வருஷ ஆயுத பூசைக்கு உங்கப்பா ஒவ்வொரு கத்தியா எடுத்து பிடியில மட்டும் சந்தனப் பொட்டு வச்சாரு. இரும்புல ஒரு சொட்டு படல. "இன்னாங்க, இந்த வருஷம் மாத்திட்டீங்க?"ன்னு கேட்டேன். "சந்தனம் கம்மியா கீது"ன்னாரு. கையில கிண்ணம் நெறைய சந்தனம். அவரு வாயில இருந்து உனக்கு அதுக்கு மேல ஒண்ணும் வராது. நான் தான் அத உனக்குச் சொல்லணும், சொல்லிட்டேன்.

நேத்து இத்தோட முடிச்சி வச்சிட்டேன். இப்ப மறுநாளு மத்தியானம், இன்னொரு பேப்பர் எடுத்து எழுதறேன். காலையில கத்திங்களுக்கு எண்ணெ தடவி துணியில சுருட்டிக்கினு இருந்தேன். உங்கப்பா வந்து நின்னாரு.

"இன்னா அது?"

"பையனுக்குக் கொரியர்ல போடணும். ஊருக்குப் போறான்ல."

"கத்தியெல்லாம் கொரியர்ல எடுக்க மாட்டான்."

"யாரக் கேட்டீங்க?"

"யாரக் கேக்கணும்? எனக்குத் தெரியும்."

ஒரு கத்திய எடுத்துப் பாத்துட்டு வச்சாரு. அப்பறம், "குடு, நான் கொண்டு போயி குடுத்துட்டு வரேன். பெங்களூரு இன்னா, சீமையா?"ன்னாரு. கள்ளக்குறிச்சி பஸ்டாண்டுக்குப் போறதுக்கே முட்டி வலிக்குதுன்னு அலுத்துக்கற மனுசன். நான் சுருட்டறதுலயே கண்ணா இருந்தேன். பேசுனா வேணான்னுடுவாரோன்னு பயம். இப்ப சவரம் பண்ணிக்கினு, வெள்ள சட்டைய இஸ்திரிக்குக் குடுத்துட்டு வந்திருக்காரு. "அங்க குளிரு ஜாஸ்தியா இருக்குமா"ன்னு ரெண்டு தபா கேட்டுட்டாரு. வாகக் கட்டையில ஒரு துண்டையும் பையில போட்டுக்கினாரு. எதுக்குன்னு கேட்டா, கத்தி வெட்டுதான்னு காட்டிட்டுத் தான் குடுக்கணுமாம். நான் தீட்டுன கத்திய இந்த ஊர்ல யாரும் வெட்டிப் பாத்து வாங்குனதில்ல. அது அவருக்கு நல்லாத் தெரியும்.

இந்தக் கடுதாசிய கத்திச் சுருட்டுக்குள்ள வச்சிக் கட்டிட்டேன். அவரு பிரிக்க மாட்டாரு. அதனால நீ இத படிக்கிறப்ப உங்கப்பா உன் ரூம்ல தான் எங்கயாவது ஒக்காந்திருப்பாரு. உன்னப் பாக்காம கதவ தட்டிப் பாத்துக்கினு இருப்பாரு, நல்ல மரமா, பிளைவுட்டான்னு. கத்தி குடுக்க வந்தேன், அடுத்த பஸ்ஸுக்குப் போவணும்ன்னு சொல்லுவாரு. நம்பாத. அந்தக் கத்திய கொரியர்காரன் எடுத்துக்குவான், நான் கேட்டுட்டேன். அவரு சும்மா தான் வந்திருக்காரு. உன்னப் பாக்கணும்னு வந்திருக்காரு. முடிஞ்சா ஒரு நாளு லீவு போட்டு அவரு கூடவே வந்துட்டுப் போ. கையில கத்தி கித்தி எதுவும் எடுத்துக்காம சும்மா வா. முடியலன்னா ஒண்ணும் பரவால்லன்னு எழுத வந்தேன். பொய் எதுக்கு, எனக்கு ரொம்ப கஷ்டமா தான் இருக்கும்.

போதும், கடுதாசிய மடிச்சி வை. அவரு வெளிய பஸ்ல போனா தண்ணி கூட குடிக்க மாட்டாரு. "சாப்ட்டியாப்பா"ன்னு கேளு.